விடிய விடியப் பாடும் சங்கு

கொடைவிழா நடக்கும் கோவிலில் இராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான் வில்லுப்பாட்டுப் புலவரின் அசல் குரல் தெரியும் என்பது என் கட்சி. சாயங்காலம் யாருக்கும் குரல் நன்றாகத்தான் இருக்கும். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் சுடலைமாடன் கயிலாயத்தில் பிறந்து, ஊர் வந்து சேர்ந்து, சாமியாடி ஆடித் தீரும்வரை புலவரின் சங்கு, அதாவது தொண்டை, ஓயக்கூடாது.

அந்தச் சங்குக்குள் இருப்பதோ சின்னஞ்சிறு சாமான். குரல்வளைக் குருத்தெலும்புக்குள் முன்பின்னாகக் கிடக்கும் இரண்டு மடிப்புகள். நீளம் விரல் நகம் அளவுதான். வில் நாணை வீசுகோல் அடிப்பதுபோல இவற்றை எதுவும் அடிப்பதில்லை. நெஞ்சிலிருந்து வரும் காற்று மூடிய மடிப்புகளைத் தள்ளித் திறக்கிறது. அவை உடனே திரும்பி வந்து மூடிக்கொள்கின்றன. பெண் குரலில் சாதாரணப் பேச்சுக்கே நொடிக்குச் சுமார் 200 தடவை. ஒரு மணி நேரம் விடாமல் ஒலித்தால் 7,20,000 மோதல். சுருதி ஏறினால் கணக்கும் ஏறும். கொட்டாரத்தில் வாழ்ந்து 2018-இல் மறைந்த வில்லுப்பாட்டுப் புலவர் பூங்கனி அம்மா பாடிய இரவுகளை நினைத்து இதைப் பெருக்கிப் பாருங்கள்.

சுருதி ஏறும் விதத்தை விரலாலேயே அறியலாம். சங்கின் புடைப்புக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். விரலை அங்கே வைத்துக்கொண்டு கீழ் ஸ்வரத்திலிருந்து மெல்ல மேலே போங்கள், பள்ளம் குறுகும். அங்குள்ள தசை சுருங்கி, மடிப்புகளை இழுத்து மெலியவைக்கிறது. மடிப்புகளின் இந்த அசைவை உயிருள்ள தொண்டையில் கண்டு 1855-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குச் சொன்ன மானுவெல் கார்சியா, வைத்தியர் அல்ல; பாட்டு வாத்தியார். பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, வெயிலைத் திருப்பி, தன் குரல் பிறப்பதைத் தானே பார்த்தார்.

இடைவேளையில் வரும் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி தொண்டையைத் திறந்துவிடும் என்பார்கள். விழுங்குவது எதுவும் அந்த மடிப்புகளைத் தொடாது, தொட்டால் புரையேறும். உடம்பில் ஈரம் சேர்வதும் ஆவி படுவதும்தான் லாபம். என்னைக் கேட்டால், காப்பியைவிடப் பெரிய உபகாரம் பக்கப்பாட்டுக்காரர்கள் போடும் ‘ஆமா’. அவர்கள் அடியைத் திருப்பிப் பாடும் நேரமெல்லாம் புலவரின் மடிப்புகளுக்கு ஓய்வு. முன்னோர் இதற்காகவே அப்படி அமைத்தார்களா, தெரியாது. அமைப்பு அப்படித்தான் வேலை செய்கிறது.

மைக் வந்த பிறகு மடிப்புகள் படும் இந்தப் பாடு குறைந்திருக்க வேண்டும். ஆனால் காதடியில் குடமும் உடுக்கையும், வெளியே மேளமும் வெடியும். தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் மனிதன் தன்னையறியாமல் கத்துவான். கத்திக் கத்தி மடிப்புகளின் ஓரம் தடித்துக் காய்ப்பு விழும். பிறகு அவை சரியாக மூடாமல் காற்று ஒழுகும், கரகரப்பு வரும். கனைத்துச் சரிசெய்யப் பார்ப்பதும் இன்னொரு மோதல்தான். மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். அவர் முதலில் சொல்வது, பேசாமல் இருங்கள் என்று. பங்குனி சித்திரையில் அடுத்தடுத்த ஊருக்கு அச்சாரம் வாங்கிவிட்ட மனுஷனிடம்!