பின்னால் நிற்கும் இருவர்

வின்ட்சர் கோட்டையை ஒட்டிய ஹோம் பார்க்கில் ஆண்டுதோறும் நடக்கும் குதிரை விழாவுக்கு வருபவர்களில் பலர் அரச குடும்பத்தாரைப் பார்க்க வருகிறார்கள். பலர் தடை தாண்டும் குதிரைகளைப் பார்க்க. நான் போனது வண்டிகளுக்காக. நான்கு குதிரைகளைப் பூட்டி ஒருவரே ஓட்டும் வண்டிப் போட்டி அது. சனிக்கிழமை மாரத்தான் சுற்று. அது தொடங்குவதற்கு முன்பே லாயங்கள் இருக்கும் பக்கம் போய் நிற்க அனுமதி கிடைத்தது.

அங்கே வேகம் என்று எதுவும் இல்லை. சேணம் பூட்டிக்கொண்டிருந்த பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மார்பு வாருக்கும் குதிரையின் தோலுக்கும் நடுவே உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்து மேலிருந்து கீழே இழுத்தார். ஒரு மயிர்கூட எதிர்த்திசையில் மடிந்து கிடக்கக் கூடாது. மடிந்த மயிரின் மேல் தோல்வார் ஒரு மணி நேரம் உராய்ந்தால் புண்ணாகிவிடும். நான்கு குதிரைகளுக்கும், ஒவ்வொரு வாருக்கும், அதே உள்ளங்கை, அதே நிதானம். அதன் பிறகுதான் குதிரைகளை வண்டியின் ஏர்க்காலுக்குக் கொண்டுவந்தார்கள். பூட்டி முடியும்வரை குதிரைகளின் தலைமாட்டில் ஓர் ஆள் நின்றுகொண்டே இருந்தார்.

இந்த வேலையில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. வண்டியிலிருந்து அவிழ்க்காத குதிரையின் கடிவாளத்தைக் கழற்றவே கூடாது. கடிவாளத்தோடு கண்மறைப்பும் போய்விடும். பின்னால் நிற்கும் வண்டி திடீரென்று கண்ணில் படும். மிரண்டு ஓடினால் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. பல விபத்துகள் கற்றுத்தந்த விதி இது.

ஜோடிக் குதிரைகளின் கடிவாள வார் அமைப்பை அங்கேதான் கிட்டத்தில் பார்த்தேன். இடது வாரின் ஒரு கிளை இடது குதிரையின் வாய்க்குப் போகிறது. இன்னொரு கிளை குறுக்கே போய் வலது குதிரையின் கடிவாளத்தில் இடது பக்கம் மாட்டப்படுகிறது. வலது வாரும் அப்படியே. ஆகவே ஒரு வாரை இழுத்தால் இரண்டு குதிரைகளும் சேர்ந்து திரும்பும். ஆனால் இரண்டு குதிரைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றுக்குக் கழுத்து நீளம். ஒன்றுக்கு முந்திப் போகும் ஆசை. கிளை வாரைக் கொக்கித் துளை ஒன்று இரண்டு ஏற்றியோ இறக்கியோதான் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட வேண்டும். துளை தப்பினால் ஒரு குதிரையின் கழுத்து ஒரு பக்கமாக வளைந்தபடியே இருக்கும். அது ஏர்க்காலைத் தள்ளிக்கொண்டே ஓடும். ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் களத்தில் இதைச் சரிசெய்ய முடியாது. காலையிலேயே, பூட்டுபவரின் விரலில் தீர்ந்துபோகும் விஷயம்.

இதற்குப் பிறகுதான் ஓட்டுபவரின் கை. முன் ஜோடிக்கு இரண்டு, பின் ஜோடிக்கு இரண்டு என நான்கு வார்களும் இடது கைக்குள் வருகின்றன. முன் ஜோடியின் இடது வார் ஆள்காட்டி விரலின் மேல். முன் ஜோடியின் வலது வாரும் பின் ஜோடியின் இடது வாரும் அடுத்த இடுக்கில். பின் ஜோடியின் வலது வார் அதற்கும் அடுத்த இடுக்கில். வலது கை சாட்டையையும் வைத்துக்கொண்டு, திரும்ப வேண்டிய பக்கத்து வாரில் சிறு மடிப்பு எடுத்துக் கொடுக்கிறது. ஆங்கிலேயர் எட்வின் ஹவ்லெட்டிடம் கற்ற ஜெர்மானியர் பென்னோ ஃபோன் ஆக்கென்பாக் ஒழுங்குபடுத்திய முறை இது. முன் ஜோடி திரும்பியதும் பின் ஜோடியும் அவசரப்பட்டுத் திரும்பினால் சக்கரம் மூலையில் மோதும். ஆகவே முன்னதைத் திருப்பும்போதே பின்னதைச் சற்று எதிர்ப்பக்கம் பிடித்து வைக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு விரல்கள் அசைவதே தெரியாது.

பிரிட்டிஷ் இளவரசர் பிலிப் 1964 முதல் 1986 வரை சர்வதேச குதிரை விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். இந்தப் போட்டிக்கு முதன்முதலாகச் சர்வதேச விதிகள் வகுக்கப்பட்டது அவர் காலத்தில்தான். போலோவை விட்ட பிறகு, ஐம்பது வயதில், அவரே வண்டியோட்டத்தில் இறங்கினார். முதல் உலகப் போட்டி 1972-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் நடந்தது.

போட்டிக்கு மூன்று சுற்றுகள். முதலாவது ஒழுங்கு நடை. 100 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் குதிரைகளின் நடையழகுக்கும் பணிவுக்கும் மதிப்பெண். கடைசிச் சுற்றில் கூம்புகளின் இடைவெளி வழியே ஓட்ட வேண்டும். சக்கரங்களின் அகலத்தைவிட இடைவெளி சில அங்குலங்களே அதிகம். கூம்பின் தலையில் இருக்கும் பந்து விழுந்தால் 3 புள்ளி தண்டனை. இந்த இரண்டும் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் மனம் நின்றது மாரத்தானில்.

மாரத்தான் வண்டியில் பழைய சாரட்டின் அலங்காரம் ஒன்றும் இல்லை. எஃகுச் சட்டம், வட்டு பிரேக், பின்பக்கம் நிற்க ஒரு மேடை. நான்கு குதிரை வண்டி 600 கிலோவுக்குக் குறையக் கூடாது. தடைகளுக்கு முன் கட்டாய ஓய்வு. கால்நடை மருத்துவர் நாடித் துடிப்பைப் பார்க்கிறார், குதிரை நொண்டுகிறதா என்று கவனிக்கிறார். அவர் தலையசைத்தால்தான் மேலே போகலாம். அதன் பிறகு மரக்கம்பங்களாலும் வேலிகளாலும் தண்ணீராலும் ஆன தடைகள். ஒவ்வொன்றிலும் எழுத்து போட்ட வாயில்களை வரிசை தப்பாமல் கடக்க வேண்டும். சிவப்புக் கொடி வலப்பக்கம், வெள்ளைக் கொடி இடப்பக்கம். உள்ளே செலவாகும் ஒவ்வொரு நொடிக்கும் கால் புள்ளி ஏறுகிறது.

தண்ணீர்த் தடையின் ஓரத்தில் நின்றேன். பின்மேடையில் இருந்த இருவரில் ஒருவர் "ஏ, இடது, பி, இன்னும், இன்னும், இப்போது!" என்று கத்திக்கொண்டே வந்தார். வண்டி வளைவில் நுழைந்ததும் இருவரும் ஒரே கணத்தில் வெளியே சாய்ந்தார்கள். முழங்கால் சக்கரத்தின் மேல் தொங்கியது. உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழுந்து, அவர்கள் எடையில் மறுபடி மண்ணைத் தொட்டது. வண்டி சாய்கிறது என்று தெரிந்த பிறகு நகர்ந்தால் காலம் கடந்துவிடுமாம். ஓட்டுபவரின் தோள் திரும்பும்போதே தன் இடுப்பு நகர்ந்துவிடும் என்று, காலையில் சேணம் பூட்டிய, பின்மேடையில் நிற்பவருமான அந்தப் பெண் சொல்லியிருந்தார். அவர் சொன்னது அங்கே எனக்குப் புரிந்தது. தடைக்குள் அவர்களில் ஒருவர் கீழே இறங்கினால் அதற்கும் தண்டனைப் புள்ளி உண்டு. சிக்கிக்கொண்டால் இறங்காமல் வழியில்லை. இறங்குபவர் நிற்பது மிரண்ட நான்கு குதிரைகளுக்கு நடுவே.

முடிவுப் பட்டியலில் ஓட்டுபவரின் பெயர் இருக்கிறது. குதிரைகளின் பெயர்களும் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். பின்மேடையில் நின்றவர்களின் பெயர்கள் இல்லை. 2010 முதல் பலமுறை உலகப் பட்டம் வென்ற ஆஸ்திரேலியர் பாய்ட் எக்செலின் திறமையில் எனக்கு ஐயமே இல்லை. அவருடைய வண்டியிலும் இருவர் சாய்ந்துகொண்டுதான் இருந்தார்கள். படகுப் போட்டியில் துடுப்பு வலிப்பவர் ஒவ்வொருவருக்கும் பதக்கம் உண்டு. இந்தப் போட்டியிலும் வண்டியில் ஏறிய மூவரின் பெயரையும் சேர்த்தே அச்சிட வேண்டும். அதற்கு ஒரு வரி இடம் போதும்.