கம்பளிக் காலுறையும் இரண்டு புத்தகங்களும்

இங்கிலாந்தில் வசந்தம் வந்துவிட்டதை மரங்கள் ஒப்புக்கொண்ட பிறகும் குளிர் ஒப்புக்கொள்வதில்லை. வேலியோரங்களில் பிளாக்தோர்ன் என்னும் முட்செடி வெள்ளை வெளேரெனப் பூக்கும் நாட்களில் போன குளிர் ஒரு தடவை திரும்பி வரும். இந்நாட்டவர் அதற்குப் 'பிளாக்தோர்ன் குளிர்காலம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பாடசாலை விடுமுறையை ஒட்டி எமது மாலை நேர மத்ரஸாவும் மூடியிருந்த ஏப்ரல் வாரம் அப்படித்தான் இருந்தது. கிழக்கிலங்கையின் கடற்கரை ஊரொன்றில் எழுபது வருடங்களுக்கு மேல் வெறுங்காலோடு நடந்து பழகிய எமது உம்மாவுக்கு இங்கு பாதம் எந்நேரமும் விறைத்தே இருக்கிறது. அந்த வாரத்தை அவருக்கு ஒரு சோடி கம்பளிக் காலுறை பின்னுவதில் கழிப்பதென்று முடிவு செய்தோம்.

காலுறை என்பது எழுத்துக்கான சொல். எமது வீட்டில் அது 'மேஸ்'தான். போர்த்துக்கேயர் இலங்கையில் விட்டுச்சென்ற எத்தனையோ சொற்களுள் இதுவும் ஒன்று. ஆளைத் துரத்திவிட்டோம், அவன் மேஸை வைத்துக்கொண்டோம்.

முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலோனும் கலந்த மெல்லிய நூல் 100 கிராம் ஒரு சோடிக்குப் போதும். இருபுறமும் கூரான ஐந்து ஊசிகள். நான்கில் 64 கண்ணிகளைப் பகிர்ந்து ஏற்றி, ஐந்தாவதால் வட்டமாகப் பின்னிக்கொண்டே போக வேண்டும். கணுக்கால் வரை கையே வேலையைப் பார்த்துக்கொள்ளும்; கண் புத்தகத்தில் இருக்கலாம். குதிகால் வந்ததும் அது நடவாது. கண்ணிகளில் பாதியை மட்டும் எடுத்து முன்னும் பின்னுமாகப் பின்னி, நடுவிலிருந்து இரண்டிரண்டாகச் சேர்த்துத் திருப்பும்போது, தட்டையாக வந்த துணி திடீரெனக் கிண்ணம் போலக் குழிகிறது. எத்தனை தடவை பின்னினாலும் அந்த இடத்தில் எமக்குச் சிறுபிள்ளையின் வியப்பு வரும், ஸுப்ஹானல்லாஹ்.

இதனை வெள்ளைக்காரப் பாட்டிமாரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் எம்மவரில் பலர். உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்களில் சில, முஸ்லிம்கள் ஆண்ட எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகள். ஏறத்தாழ 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலானவை. நீலமும் வெள்ளையுமாக நுட்பமான கோலங்கள் கொண்டவை. ஸ்பெயினில் 1275இல் இறந்த ஃபெர்னாண்டோ என்ற கிறிஸ்தவ இளவரசரின் கல்லறையில் பின்னலால் ஆன தலையணை உறை ஒன்று கிடைத்தது. அதன் ஓரத்தில் 'பரக்கத்' என்ற அரபுச் சொல் கூஃபி எழுத்தில் பின்னப்பட்டிருக்கிறது. அதைப் பின்னிய முஸ்லிம் கைகளுக்குப் பெயர் எஞ்சவில்லை.

முதற் காலுறை முடிந்ததும் உம்மா கேட்ட கேள்வி எமது பாடத்துக்கே வந்துவிட்டது: "இதுல மஸ்ஹ் செய்யலாமா புள்ள?"

ஷாஃபிஈ மத்ஹபின்படி, மஸ்ஹ் செய்யப்படும் காலுறை வுழூவில் கழுவ வேண்டிய இடத்தைக் கணுக்காலோடு மூட வேண்டும். அதை மட்டும் அணிந்து வெளியே தேவைக்கு நடமாடும் அளவு உறுதியாக இருக்க வேண்டும். ஊற்றும் நீரை உள்ளே விடாததாக இருக்க வேண்டும். எமது பின்னல் மூன்றாவதில் நிற்காது. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் தடித்த காலுறையில் மஸ்ஹ் செய்ய அனுமதித்தார்கள். ஹன்பலி மத்ஹபிலும் தடித்ததற்கு அனுமதி உண்டு. ஆயினும் உம்மா தாம் ஓதிப் படித்த வழியை விட்டு விலக விரும்பவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. தோலால் ஆன குஃப்பை கம்பளிக் காலுறைக்கு மேலே அணிந்து, அந்தத் தோலின் மீது மஸ்ஹ் செய்யலாம். நாம் மெல்லிய நூலைத் தேர்ந்தது இதற்காகவே.

உம்மா அப்போதும் தயங்கினார். கழுவுவதில்தானே நன்மை அதிகம் என்றார். உண்மை, கழுவுவதே சிறந்தது என்றுதான் எமது கிதாபுகளும் சொல்கின்றன. ஆனால் மஸ்ஹை மனம் ஒப்பாமல் ஒதுக்குவதை அவை விரும்புவதில்லை. முகீரா (ரலி) அவர்கள் அறிவித்ததை உம்மாவுக்கு எடுத்துச் சொன்னோம். பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் அணிந்திருந்த கம்பளி ஜுப்பாவின் கை ஒடுக்கமாக இருந்ததால், கைகளைக் கீழ்வழியாக வெளியே எடுத்துக் கழுவினார்கள். குஃப்பைக் கழற்ற முகீரா (ரலி) குனிந்தபோது, சுத்தமான நிலையில் அணிந்தவைதாம், இருக்கட்டும் என்று தடுத்து, அவற்றின் மேல் மஸ்ஹ் செய்தார்கள். ஜுப்பாவின் ஒடுங்கிய கையைக் கேட்டதும் உம்மா சிரித்துவிட்டார். அதன்பின் வாதம் இல்லை.

இனிப் புத்தகங்கள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த இரண்டில் ஒன்று லைலா அபுலைலாவின் 'ரிவர் ஸ்பிரிட்'. 2023இல் வந்த நாவல். 19ஆம் நூற்றாண்டின் சூடானில் மஹ்தியின் எழுச்சியைப் பலரின் வாயிலாகச் சொல்கிறது. அவருடைய பாத்திரங்கள் தொழுவது கதைக்கு ஒட்டிய அலங்காரமாக இல்லை. நாம் தொழுவது போலவே தொழுகிறார்கள். அது போதும் எமக்கு.

மற்றையது பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லாம்ப்'. கர்நாடகத்தின் ஹாசன் நகரத்து வழக்கறிஞரான அவர் 1990 முதல் 2023 வரை கன்னடத்தில் எழுதியவற்றுள் 12 கதைகளைத் தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. சிறுகதைத் தொகுப்பு ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. சில கதைகள் உரத்த குரலில் முடிவதாக எமக்குப் பட்டது. அடுக்களையும் பிள்ளைகளின் சத்தமும் உறவினரின் பேச்சும் வரும் இடங்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. மாலைகளில் உம்மாவுக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிவந்தோம்.

பெண்பிள்ளைகளையே பெற்றாள் என்பதற்காகக் கணவனால் கைவிடப்பட்ட ஒருத்தி, நியாயம் கேட்டுப் பள்ளிவாசல் முதவல்லியிடம் போகும் கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் உம்மா இடைமறித்தார்.

"எங்கட சாச்சிக்கும் இதான் நடந்த."

எமக்கு அந்தச் சாச்சியை இடியப்பம் அவித்து விற்றவராக மட்டுமே தெரியும். விடியற்காலையில் அவர் வீட்டுக்குத் தட்டைக் கொண்டு போவோம். மூன்று மகள்மாரும் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். அந்த வீட்டில் ஏன் ஓர் ஆண் இல்லை என்று நாம் கேட்டதில்லை, எவரும் சொன்னதுமில்லை. தாபரிப்புப் பணம் கேட்டு அவர் காதியாரின் வாசலில் எத்தனையோ நாள் நின்றாராம். உம்மாவும் சிறுமியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூட நின்றாராம். பணம் இரண்டு மாதம் வந்து நின்றுபோனது. பிறகு சாச்சி அரைக்கல்லை வாசலுக்கு இழுத்துப் போட்டு மா இடிக்கத் தொடங்கினார்.

இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியாக ஆணை மட்டுமே ஏற்றது. மனைவி மக்களின் செலவு கணவன்மீது கடமை என்பதோ எமது மத்ரஸாவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் ஒப்புவிக்கும் பாடம். சட்டமும் கிதாபும் சாச்சியின் பக்கமே இருந்தன. அவற்றை எடுத்துப் பேசும் ஆள்தான் அந்த வாசலில் இருக்கவில்லை.

எம்மவரின் குறையை அயலார் முன் விரித்துப் பரிசு வாங்குவது சரியா என்று எமக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் இந்நூலைப் பற்றிக் கேட்டிருந்தார். அயலார் என்ன எண்ணுவார்கள் என்ற அந்தக் கவலைதான் சாச்சியின் கதையையும் எமது வீட்டுக்குள் அறுபது வருடம் மூடிவைத்தது. அந்நூலின் கோபம் மார்க்கத்தின்மீது அல்ல, திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காதவர்கள்மீது என்றே நாம் வாசித்தோம். விடுமுறைக்குப் பின் மூத்த மாணவியரோடு ஒரு கதையையாவது வாசித்து, நஃபகா பாடத்தை அங்கிருந்து தொடங்க எண்ணியிருக்கிறோம். பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுவோம். விரும்பாதவர் தம் பிள்ளையை அன்று அனுப்பாதிருக்கலாம்.

இரண்டாவது காலுறையும் வெள்ளியன்று முடிந்தது. உம்மா இப்போது ஸுபஹுக்கு முன் கால் கழுவி, கம்பளியின்மேல் தோலை மாட்டிக்கொள்கிறார். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும்தான் தவணை. அணிந்த பின் முதலில் வுழூ முறிந்ததிலிருந்து கணக்கு. ஆகவே சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் நேரம் குறித்துவைக்கிறார். ஞாயிறு 9.40. திங்கள் 10.15. புதன்கிழமைக் கட்டத்தில் நேரத்துக்குப் பக்கத்தில், எழுத்துக் கூட்டி, சாச்சியின் நடு மகளுடைய தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருக்கிறது.