மாவும் காணியும்: கணித அச்சுக்கோப்பில் தமிழ்ப் பின்னக் குறிகள்

மாவும் காணியும் கூடின் மாகாணி. இருபதில் ஒன்றோடு எண்பதில் ஒன்றைக் கூட்டப் பதினாறில் ஒன்று வரும் என்னும் உண்மை அப்பின்னத்தின் பெயரிலேயே பொதிந்துள்ளது. கணக்கதிகாரம் முதலிய பழந்தமிழ்க் கணக்கு நூல்கள் குறித்த கட்டுரையொன்றில் இதனைச் சமன்பாடாகத் தரவும், பின்னங்களுக்குரிய பழங்குறிகளையே அதில் இடவும் விரும்பினேன். அவ்விருப்பம் கற்பித்த பாடத்தை ஈண்டுப் பதிவு செய்கிறேன்.

கட்டுரையைக் கோப்பதற்கு டெக் முறையைத் தேர்ந்தேன். டொனால்டு குனூத் 1978இல் வெளியிட்ட அம்முறை கணிதத்தை அச்சிடுவதில் இன்றும் முதன்மை பெற்று விளங்குகிறது. தொடக்கத்தில் அது தனக்கெனச் செய்த எழுத்துருக்களையே சார்ந்திருந்தது. 2004இல் ஜோனதன் கியூ உருவாக்கிய ஸீடெக், கணினியில் நிறுவப்பட்ட எந்த எழுத்துருவையும் பெயர் சொல்லி அழைக்க வழிவகுத்தது. 2019இல் வெளிவந்த யூனிகோடு 12ஆம் பதிப்பில், முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி முதல் முக்கால் வரையிலான பின்னக் குறிகளும் பிற வழக்குக் குறிகளுமாக 51 குறிகள் தமிழுக்குக் கூடுதலாக இடம்பெற்றன. அக்குறிகளைக் கொண்ட எழுத்துருவும் கிடைத்தது. எனவே இடர்ப்பாடு இராது எனக் கருதினேன்.

மெய்ப்பில் அச்சமன்பாடு இருந்த இடத்தில் கூட்டல் குறியும் சமக்குறியும் மட்டுமே நின்றன. இப்பிழை எவர் கண்ணுக்கும் புலப்படும். ஆனால் அடுத்த பக்கத்தில், மூன்றே காணி என வரவேண்டிய விடை வெறும் 3 என அச்சாகியிருந்தது. முழு எண்ணை 3 எனவும் பின்னத்தைப் பழங்குறியாலும் எழுதியிருந்தேன். குறி மறைந்தது, எண் நின்றது. படிப்பவர் அதனைப் பிழையென ஐயுறக் காரணமே இல்லை. மென்பொருளும் வேலையை நிறுத்தவில்லை. எழுத்து இல்லை என்னும் குறிப்பைப் பதிவுக்கோப்பில் எழுதிவிட்டு மேற்சென்றிருந்தது.

காரணத்தை ஆராய்ந்தபோது, உரைக்கு ஓர் எழுத்துருவும் கணிதத்திற்கு வேறோர் எழுத்துருவும் தனித்தனியே வகுக்கப்படுகின்றன என்பது தெளிவாயிற்று. உரைக்கு அமைத்த தமிழ் எழுத்துரு கணிதப் பகுதிக்குள் தானாக நுழைவதில்லை. தமிழ் எழுத்துருவையே கணிதத்திற்கும் அமைத்துவிடலாமே எனில், அதுவும் எளிதன்று. மேலெழுத்தின் உயரம், பின்னக்கோட்டின் தடிப்பு, அடைப்புக்குறியின் நீட்சி ஆகியவற்றைக் கூறும் கணித அட்டவணை ஒன்று எழுத்துருவினுள் இருத்தல் வேண்டும். நான் கொண்ட தமிழ் எழுத்துருவில் அவ்வட்டவணை இல்லை.

மற்றோர் உண்மையும் புலனாயிற்று. கணிதப் பகுதி ஒவ்வோர் எழுத்தையும் தனிக்குறியாகவே கொள்ளும். 'கொள்முதல்' என்னும் சொல்லை அங்கு இட்டால், ககரத்தைச் சூழவேண்டிய கொம்பும் காலும் இணையாமல் சிதறும். ஆகவே தமிழ்ச் சொல்லாயினும் பின்னக் குறியாயினும், சமன்பாட்டினுள் அதனை உரைத்துண்டாக அறிவித்து இடுதலே தக்கது. அதற்குரிய 'டெக்ஸ்ட்' கட்டளை, மேலெழுத்திலும் கீழெழுத்திலும் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எழுத்துருவைப் பெயரால் மட்டும் அழைப்பதும் பாதுகாப்பன்று. அதே பெயருடைய பழைய பதிப்பு வேறொரு கணினியில் இருக்கலாம். அதில் இக்குறிகள் இல்லாமற் போகலாம். எனவே எழுத்துருக் கோப்பையே கட்டுரையோடு சேர்த்து வைத்து, கோப்புப் பெயரால் அழைக்கும் முறையை இப்போது கைக்கொள்கிறேன்.

ஏடு செல்லரித்த இடத்தைச் சுவடிப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவர். இழப்பு நேர்ந்தது என்பதேனும் படிப்பவருக்குத் தெரியும். கணினியோ இழந்த இடத்தை இழந்ததாகவே தாளில் காட்டுவதில்லை. ஆதலின் மெய்ப்பைப் படித்து முடித்ததும் பதிவுக்கோப்பையும் படிக்கிறேன். பின்னர் மூலத்திலுள்ள பின்னங்களை எண்ணி, மெய்ப்பிலுள்ளவற்றோடு ஒப்பிடுகிறேன். ஒரு காணி குறைந்தாலும் கணக்கு தவறே.