இஸ்தான்புல் நண்பர்களோடு ஒரு பகல்

வழிகாட்டிப் புத்தகத்தைக் கையில் ஏந்தி ஒரு நகரத்தைச் சுற்றுவதற்கும், அங்கேயே பிறந்து வளர்ந்த நண்பர்களின் பின்னே நடந்து செல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை நேற்று இஸ்தான்புல்லில் பூரணமாக உணர்ந்தேன். அவ்வூர் நண்பரும் அவருடைய மனைவியாரும் காலையிலேயே என்னை எமினோனு துறைக்கு அழைத்துச் சென்று, எள் தூவிய சிமித் ரொட்டி வாங்கிக் கொடுத்து, ஆசியக் கரையிலுள்ள காடிகோய்க்குச் செல்லும் படகில் ஏற்றினார்கள். கருங்கடலையும் மர்மராக் கடலையும் இணைக்கும் பாஸ்பரஸ் ஜலசந்தியின் முகப்பிலே, இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் பால் கலவாத தேநீரைப் பருகியபடி, உத்தியோகத்துக்குப் போகும் ஜனங்களோடு அமர்ந்து இரு கண்டங்களையும் ஒருங்கே தரிசித்தது மகத்தான பாக்கியம்.

காடிகோய்ச் சந்தையில் மீன் விற்பவர்களும் ஆலிவ் விற்பவர்களும் அம்மையாரைக் குசலம் விசாரித்தனர். அவருடைய விருந்தினன் என்ற ஒரே காரணத்தால் எனக்கும் அதே உபசாரம் கிடைத்தது.

பிற்பகலில் சுலைமானியே மசூதிக்குப் போனோம். சினான் என்ற மாபெரும் கட்டடக் கலைஞர் சுல்தான் சுலைமானுக்காக நிர்மாணித்து 1557-இல் பூர்த்தி செய்த அந்தக் குவிமாடத்தின் கம்பீரத்தைக் காட்டிலும், அதனோடு சேர்ந்தே பாடசாலைகளும் வைத்தியசாலையும் ஏழைகளுக்கு அன்னமிடும் சமையற்கூடமும் எழுப்பப்பட்டன என்று நண்பர் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டியபோது அவர் முகத்தில் தோன்றிய பெருமிதமே என் மனத்தைக் கவர்ந்தது.

இரவு அவர்கள் இல்லத்தில் போஜனம். சோறு பொதிந்த திராட்சை இலைச் சுருள்களை நண்பரின் தாயார் என் தட்டில் இட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த முறை விடுதியில் தங்கக் கூடாதென்று மகன் வாயிலாக அவர் இட்ட உத்தரவுக்கு மனப்பூர்வமாகச் சம்மதித்திருக்கிறேன்.