அழுகண்ணி வந்த வழி

அழுகண்ணி, தரையோடு தரையாக ஒட்டி வளரும் சிறு பூண்டு. ஆப்பு வடிவ இலைகள் வட்டமாக விரிந்தால் ஒரு நாணயத்தின் அகலம்தான் தேறும். இலை முழுக்கச் செந்நிற இழைகள். ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு பசைத்துளி. பனித்துளி வெயில் ஏறினால் உலர்ந்துவிடும்; இது உலராது. அதில் வந்து உட்காரும் கொசுவால் திரும்ப எழ முடியாது. ஓரத்தில் உள்ள நீண்ட இழைகள் சில நொடிகளுக்குள் உள்நோக்கி வளைந்து கொசுவை இலையின் நடுவே தள்ளுகின்றன. அங்கே சுரக்கும் நொதிகள் அதன் உடலைக் கரைக்கின்றன. சில நாள் கழித்துப் பார்த்தால் இறக்கையும் வெற்றுக் கூடும் மட்டும் காற்றில் ஆடும். தாவரவியலார் இதை ட்ரோசிரா பர்மானி என்பார்கள்.

கண்ணீர் விடுவதுபோல் துளி நிற்பதால் அழுகண்ணி. ஆனால் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் வழி இரண்டாகப் பிரிகிறது. கடலோர உவர்நிலத்தில் வளரும் கிரெஸ்ஸா கிரெட்டிகா என்ற செடியையும் மூலிகை நூல்கள் சில இதே பெயரால் சொல்கின்றன. அதன் இலையிலும் துளி நிற்கும். ஆனால் அது உப்பு நீர், பூச்சியைப் பிடிக்காது. வடமொழியில் அதற்கு ருதந்தி, அழுபவள், என்று பெயர். பெயரை மட்டும் நம்பி மூலிகை வாங்குவதில் உள்ள ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அழுகண்ணியோடு சேர்த்தே சொல்லப்படும் தொழுகண்ணி முற்றிலும் வேறு குடும்பம். அது அவரை இனத்தது, அதன் சிற்றிலைகள் தாமே அசையும்.

அறிவியல் பெயரின் தடம் இலங்கைக்குப் போகிறது. ஆம்ஸ்டர்டாமில் இருந்த மருத்துவர் யோகன்னஸ் பர்மன், இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737-இல் வெளியிட்ட லத்தீன் நூலில் இது இடம்பெற்றது. டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலார் வால் 1794-இல் பர்மனின் பெயரையே இதற்குச் சூட்டினார். நிமிர்ந்து வளரும் இதன் உறவான ட்ரோசிரா இண்டிகாவுக்கு லின்னேயஸ் 1753-இலேயே பெயர் வைத்துவிட்டார். இவர்களில் யாரும் இது பூச்சியைத் தின்னும் என்று எழுதவில்லை. அதை ஐயமற நிறுவியவர் டார்வின். 1860 கோடையில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், ஐரோப்பிய வட்ட இலை ட்ரோசிராவில் ஏராளமான பூச்சிகள் ஒட்டிக்கிடந்ததைக் கண்டு அவர் தொடங்கிய சோதனைகள் 1875-இல் நூலாயின. 0.0008 மில்லிகிராம் எடையுள்ள தலைமுடித் துணுக்குக்கும் இழை வளைகிறது. மேலே விழும் மழைத்துளிக்கு அசைவதில்லை. தீனி எது, தீனியல்லாதது எது என்று ஓர் இலை பிரித்தறிவது அன்றைக்கும் இன்றைக்கும் வியப்பூட்டுவது.

இந்தப் பழக்கம் செடிக்கு எங்கிருந்து வந்தது? விடையின் ஒரு பாதி நம் வேலியோரத்திலேயே இருக்கிறது. கொடிவேலியின் பூவடியைத் தொட்டால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். சிற்றெறும்புகள் அதில் சிக்கிக் கிடப்பதும் உண்டு. மரபணு ஆய்வுகளின்படி கொடிவேலிக் குடும்பமும் அழுகண்ணிக் குடும்பமும் நெருங்கிய உறவு. கொடிவேலி வேரின் காரத்துக்குக் காரணமான பிளம்பாஜின் அழுகண்ணியிலும் இருக்கிறது. தண்டுக்கீரையும் இதே பெருவரிசைதான். 2020-இல் ஜெர்மனி, ஜப்பான் ஆய்வாளர்கள் ட்ரோசிரா இனம் ஒன்றின் மரபணுத் தொகுதியை முழுதாக வாசித்தபோது, வேரில் சத்தை உறிஞ்ச உதவிய மரபணுக்களே இலையில் இரையைச் செரிக்க வேலைக்கு வந்திருப்பது தெரிந்தது. வேரின் வேலை இலைக்கு மாறியிருக்கிறது.

மறுபாதி மண்ணில் இருக்கிறது. சித்தூர்ப் பக்கத்துக் கங்காதர நெல்லூரின் மாந்தோப்புகளில், எரு போட்டு உழுத செம்மண்ணில், இதைத் தேடுவது வீண். வடக்கே திருமலை, சேஷாசல மலைத்தொடரின் குவார்ட்சைட் பாறை உதிர்ந்து வெறும் மணலாகிறது. அதில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைவு. மழைக்காலத்தில் நீர் கசியும் அத்தகைய திறந்த இடங்களே அழுகண்ணிக்கு ஏற்றவை. வளமான மண்ணில் உயரமான புல் முளைத்து இதை மூடிவிடும். புல்லுக்குப் பிழைப்பில்லாத இடத்தில் இது பூச்சியிடமிருந்து நைட்ரஜனை எடுத்துப் பிழைக்கிறது.

வீட்டில் வளர்க்கும் முறை முழுவதும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கிறது. தோட்ட மண், எரு, பஞ்சகவ்யம் எதுவும் ஆகாது. பீட் பாசியும் நன்கு கழுவிய ஆற்றுமணலும் சரிபாதி கலந்தால் போதும். தென்னைநார்க் கழிவைப் பயன்படுத்தினால் உப்புப் போகும்வரை பலமுறை அலச வேண்டும். மண்தொட்டியில் உப்புப் படியும் என்பதால் பிளாஸ்டிக் தொட்டியே நல்லது. சித்தூர்ப் பக்கத்துப் போர்த் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். அதை ஊற்றிவந்தால் சில வாரங்களில் இலை கருகும். மழைநீர், ஆர்.ஓ. நீர், ஏசியிலிருந்து வடியும் நீர் ஆகியவை ஏற்றவை. கரைந்த உப்பு 50 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். தட்டில் ஒரு விரற்கடை நீர் நிறுத்தி அதில் தொட்டியை வைப்பது வழக்கம். வெயில் நேராகப் பட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் நண்பகலில் வலைநிழல் தேவை. தீனி போடத் தேவையில்லை, வாசலில் வரும் கொசுவே மிஞ்சும். துளிகள் வற்றினால் ஒளியோ ஈரமோ குறைந்திருக்கிறது என்று பொருள்.

கடைகளில் ஆசை காட்டும் வீனஸ் பூச்சிப்பொறி சித்தூர்ப் பக்கத்துக்கு ஏற்றதல்ல. அமெரிக்காவின் கரோலினாப் பகுதியைச் சேர்ந்த அச்செடிக்கு மூன்று, நான்கு மாதக் குளிருறக்கம் வேண்டும். சித்தூரின் டிசம்பர் அதற்குப் போதாது. அழுகண்ணிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்காகச் சேஷாசல மலையிலுள்ள தேசியப் பூங்காவுக்குள் போய்ப் பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். பிடுங்கிய செடி பிழைப்பதும் அரிது. வளர்ப்பவர்களிடம் விதை வாங்கி ஈரக்கலவையின் மேல் தூவ வேண்டும். முளைக்க ஒளி வேண்டும் என்பதால் மூடக்கூடாது. வளர்ந்ததும் மெல்லிய காம்பில் வெள்ளைப் பூ வரும். தானே சூல்கொண்டு, மிளகாய் விதையைவிடப் பல மடங்கு சிறிய கறுப்பு விதைகளை உதிர்க்கும். தாய்ச்செடி பட்டுப்போனாலும் தட்டில் நீர் வற்றாமல் இருந்தால் அதே தொட்டியில் அடுத்த தலைமுறை முளைக்கும்.