அப்பாவுக்கு வயசாகல... வண்டிதான் மூணு இன்ச் உயர்ந்திருந்தது!

"உங்கப்பா வண்டிய விக்கப் போறாராம்."

ஆபீஸில் ஒரு செய்திக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா போனில் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. எங்கள் ஊர் வெம்பக்கோட்டை. அப்பாவிடம் ஒரு மினி லாரி இருக்கிறது. அவரே ஓனர், அவரே டிரைவர். சிவகாசியில் அட்டைப்பெட்டிக் கட்டுகளை ஏற்றிவந்து, எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் இறக்குவார். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள்தான் எங்கள் வீட்டின் அறுவடைக் காலம். அந்த நேரத்தில் வண்டியை விற்கிறேன் என்கிறார் என்றால்?

விஷயத்தை அப்பா சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார். இரண்டு நாளைக்கு முன்பு, சாயங்காலம் ஆறு மணி. லேசான தூறல். முழு லோடோடு வந்துகொண்டிருந்தார் அப்பா. ஆலை வேலை முடிந்து பெண்களை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று முன்னால் நின்றிருக்கிறது. அப்பா பிரேக்கை மிதித்திருக்கிறார். ஆனால், வண்டி அவர் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், வேனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறது.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினார். லைனிங் தேயவில்லை, ஆயில் குறையவில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் தப்பு தன்னிடம்தான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

நான் போன் செய்தபோது, "பின்சீட்டுப் பிள்ளைக திரும்பிப் பாத்துச்சுக பாப்பா. அந்த மொகத்த மறக்க முடியல. காலு முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது. அம்பத்தெட்டு ஆச்சுல்ல" என்றார்.

முப்பது வருஷமாக ஸ்டீயரிங் பிடித்தவர். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?

அம்மா கண்டுபிடித்த உயரம்

ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனேன். வழக்கம்போல வண்டியைக் கழுவி, வாசலில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பின்கதவின் கொண்டியில் சந்தனப் பொட்டு வைப்பது அம்மாவின் வேலை. பொட்டு வைத்தவர் அப்படியே நின்றார்.

"ஏங்க, வருஷா வருஷம் கொண்டி என் நெஞ்சுக்கு நேரா இருக்கும். இப்ப கழுத்துக்கு வருது. வண்டி குதிகாலத் தூக்கிக்கிட்டு நிக்கிது பாருங்க."

"புதுப் பட்டை போட்டிருக்குல்ல, அப்படித்தான் நிக்கும். ஓட ஓட எறங்கிரும்" என்றார் அப்பா.

ஆவணியில் பின்பக்க ஸ்பிரிங் செட்டில் மெயின் பட்டை உடைந்துபோனது. இரண்டு பக்கமும் செட்டை முழுதாக மாற்றிவிட்டார். மாற்றி ஆறு வாரம் ஆகியும் வண்டி இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், 'ராத்திரியில லைட்டு ரோட்டையே பாக்குது, தூரம் தெரிய மாட்டேங்குது' என்று அவர் புலம்ப ஆரம்பித்ததும் அந்த ஆறு வாரத்தில்தான். அதையும் அவர் கண் பார்வைக் கணக்கில் எழுதிவிட்டார்.

வெம்பக்கோட்டை என்றால் இப்போது பலருக்கும் அகழாய்வுதான் நினைவுக்கு வரும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-ல் இங்கே தோண்டத் தொடங்கியது. செய்திக்காக அந்தக் குழிகளைப் பார்த்தபோது எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு சங்கு வளையல் துண்டு கிடைத்தால்கூட, அது எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று அளந்து எழுதிவிட்டுத்தான் எடுப்பார்கள். அளவு இல்லாவிட்டால் அது வெறும் துண்டு.

அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போனேன். இப்போதைய உயரத்தை அளந்துவிடலாம். பழைய உயரம்? யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால், போட்டோ இருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதே வாசல், அதே சுவர், மாலை போட்ட வண்டி. பழைய படம் ஒன்றில் நான் பள்ளிச் சீருடையில் வண்டியின் பின்னால் நிற்கிறேன். சக்கரத்தின் ரிம் எல்லாப் படத்திலும் ஒரே அளவுதானே? அதை அளவுகோலாக வைத்து, டயரின் மேல்விளிம்புக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியைப் புதுப் படத்தோடு ஒப்பிட்டேன். கிட்டத்தட்ட மூன்று இன்ச் கூடியிருந்தது.

"போட்டோ ஜாடைக்குத்தான் தாயி"

மறுநாள் சிவகாசியில் பட்டை வேலையில் பழுத்த ஒரு மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோனோம். என் போட்டோ கணக்கைப் பொறுமையாகக் கேட்டார்.

"போட்டோ ஜாடைக்குத்தான் தாயி. சாஞ்சு எடுத்தா ஒரு இன்ச் பொய் சொல்லும். ஆனா நீங்க கேட்ட கேள்வி சரி" என்றார்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினார். லோடு இல்லை. நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்தார். தரையிலிருந்து பாடி வரை அளக்காமல், ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் டேப்பைப் பிடித்தார். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் அளவில் கலந்துவிடுமாம். ஸ்பிரிங் மட்டும் என்ன செய்கிறது என்று தெரிய இந்த இடைவெளிதான் சரி. வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு பார்த்தால், வலது பக்கம் மூன்று இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாகவும் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகவும் உயர்ந்திருந்தது.

பிறகு பட்டைகளை எண்ணினார். "கம்பெனிக் கணக்கு எட்டு. இதுல பத்து இருக்கே, அண்ணாச்சி?"

அப்பா பதில் சொல்லவில்லை.

மேஸ்திரி எங்களுக்கு விளக்கினார். இந்த வண்டியில் பட்டைக்கட்டு ஆக்ஸிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனால், சேர்க்கும் ஒவ்வொரு பட்டையின் கனமும் அப்படியே உயரத்தில் கூடும். விறைப்பும் கூடும். ஒரே கனமுள்ள எட்டுப் பட்டையில் இரண்டைச் சேர்த்தால், ஏறக்குறைய கால் பங்கு விறைப்பு அதிகம். பழைய செட்டிலும் பத்துதான் இருந்தது. ஆனால், அவை வருஷக்கணக்கில் தளர்ந்து படுத்துவிட்டதால் உயரம் தெரியவில்லை. புது செட் முழு வளைவோடு வந்தது. போதாததற்கு, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே சாக்கிள் போல்ட்டை முறுக்கிவிட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே இறுகிவிடும். அப்புறம் வண்டியைச் சரியாக உட்கார விடாது.

"சரி, அதுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

கீழே குனிந்து, ஆக்ஸிலிலிருந்து சேசிஸுக்குப் போகும் ஒரு மெல்லிய கம்பியைக் காட்டினார். லோடு வால்வின் கம்பி. லோடு ஏறினால் வண்டி தாழும். கம்பி நகர்ந்து, பின்சக்கர பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலியாக இருந்தால் வண்டி உயர்ந்து நிற்கும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க, அழுத்தத்தைக் குறைக்கும். எடைக்கல் வைத்து நிறுப்பதில்லை, உயரத்தைப் பார்த்துத்தான் எடையைத் தெரிந்துகொள்கிறது அந்த வால்வு.

"மூணு இன்ச் தூக்கி நின்னா, முழு லோடு ஏத்துனாலும் காலி வண்டின்னுதான் அது நெனைக்கும். பின் பிரேக்கு பாதி வேலைதான் பாக்கும். லைனிங்க எத்தனை தடவ பாத்தாலும் குத்தம் தெரியாது."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு பட்டைகள்

கூடுதல் பட்டைகளை எடுத்துவிடலாம் என்றதும் அப்பா தயங்கினார். "லோடு தாங்குமா?"

"ஆர்.சி. புக்குல போட்டிருக்கிற எடையத் தாங்கும். பட்டைய ஏத்துனா புக்குல இருக்கிற எடை ஏறுமா? பிரேக்கு, ஆக்ஸிலு, டயரு எல்லாம் பழசுதானே?" என்றார் மேஸ்திரி. அதிக பாரத்துக்கு 2019 செப்டம்பரிலிருந்து அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அது அப்பாவுக்கும் தெரியும். அவர் தயங்கியதற்குக் காரணம் வேறு.

"ஆலங்குளத்துல சிமென்ட் லோடு அடிச்சப்போ போட்டது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா காலேஜ் சேந்த வருஷம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஃபீஸ் கட்டும் தேதிக்குள் எப்படிப் பணம் வந்தது என்று நான் கேட்டதே இல்லை. நடைக்குப் பத்து மூட்டை, இருபது மூட்டை கூடுதலாக ஏற்றியிருக்கிறார். அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் இரண்டு பட்டைகள். அது சட்டப்படி தவறு. அவருடைய உயிருக்கும் எதிரே வருபவர்கள் உயிருக்கும் ஆபத்து. என் இதழியல் டிப்ளமோ அதன் மேல்தான் நிற்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"இப்ப அந்த லோடு இல்லல்லப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் மேஸ்திரியிடம் தலையை ஆட்டினார்.

வேலை ஒன்றரை நாள் பிடித்தது. இரண்டு பட்டைகளையும் எடுத்து, அளவான சென்டர் போல்ட்டும் புது யூ போல்ட்டும் போட்டார்கள். அதிலேயே பாதி இறங்கியது. மீதிக்கு, வளைவு அதிகமாக இருந்த பட்டைகளைச் சூடு காட்டாமல் பிரஸ்ஸில் வைத்து அளவுக்குக் கொண்டுவந்தார்கள். "தீயில காட்டுனா சீக்கிரம் வேல முடியும். ஆனா பட்டையோட பதம் செத்துரும்" என்றார் மேஸ்திரி. வண்டியைத் தரையில் இறக்கி, முழு பாரமும் சக்கரத்தில் நின்ற பிறகுதான் சாக்கிள் போல்ட்டை முறுக்கினார்கள். லோடு வால்வின் கம்பியைப் புத்தக அளவுக்கு வைத்து, ஹெட்லைட்டையும் சரிசெய்தார்கள்.

இரண்டு பக்கமும் இப்போது ஒரே உயரம். புத்தக அளவைவிடக் கால் இன்ச்தான் கூடுதல். அது ஓட ஓடப் படிந்துவிடும் என்றார். லோடோடு சில நாள் ஓடிய பிறகு வந்து யூ போல்ட்டை மறுபடி இறுக்கி, அளவையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை, அதே அட்டைக்கட்டு லோடோடு, ஆளில்லாத ரோட்டில் அப்பா பிரேக் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் நான். வண்டி குனிந்து, நேராக நின்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை.

"இன்னொரு தடவ பாத்துருவோம்" என்றார். பார்த்தோம். மூன்றாவது தடவையும் பார்த்தோம்.

வண்டியை விற்கும் பேச்சு அதன்பிறகு வரவில்லை. வயது ஆகிறதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கண் டெஸ்ட்டுக்கும் இந்தத் தடவை கூட்டிப்போய் வந்தேன். ஆனால், ஆறு வாரமாக ஒரு கம்பியின் குற்றத்தை அவர் தன் காலின் மேல் சுமந்துகொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் லோடு வண்டி இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஸ்பிரிங் வேலைக்கு விடும் முன், காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆக்ஸிலிலிருந்து சேசிஸ் வரை அளந்து எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி அளங்கள். மாறியிருந்தால், லோடு வால்வைப் பார்த்தீர்களா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள்.

எங்கள் வண்டியின் கதவுக்கு உள்பக்கம் இப்போது பெயின்டில் இரண்டு எண்கள் இருக்கின்றன. எழுதியது நான். சரிபார்த்தது, தையல் டேப்போடு நின்ற அம்மா.