பாதி சக்கரம், பாதி கால்

ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளுக்கு ‘மன்றோ’ என்று பெயர். 1891-இல் அவற்றைப் பட்டியலிட்ட ஹியூ மன்றோவின் பெயரே நிலைத்துவிட்டது. இன்றைய கணக்கில் 282 சிகரங்கள். இவற்றுள் பல தம் உயரத்தைவிடத் தொலைவாலேயே ஆளைச் சோர்வடையச் செய்பவை. அடிவாரத்தை எட்டவே பள்ளத்தாக்கில் மணிக்கணக்காக நடக்கவேண்டும். ஆகவே அங்கே பலர் பள்ளத்தாக்கை மிதிவண்டியிலும் மலையைக் காலாலும் கடக்கிறார்கள். சுத்த நடைக்காரர்கள் சிலர் இதைக் குறுக்குவழி என்று முகம் சுளிப்பதுண்டு.

நாங்கள் மூவர் பென் மக்டூயிக்குச் சென்றது அப்படித்தான். 1309 மீட்டர், பிரிட்டனில் பென் நெவிஸுக்கு (1345) அடுத்த உயரம். லின் ஆஃப் டீயிலிருந்து எட்சகன் ஏரி வழியாகப் போய்வர ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். எங்களில் ஒருவருக்கு முழங்கால் தேய்மானம். நீண்ட நடை ஆகாது, மிதிவண்டி ஆகும் என்பது மருத்துவர் தீர்ப்பு. அவருக்கு இதுவே கடைசிப் பெரிய மலை என்பது மூவருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

டெரி லாட்ஜ் என்னும் பழைய வேட்டை மாளிகை வரை ஐந்து கிலோமீட்டர் வண்டித் தடம். போகவர பத்து, அதாவது மூன்றில் ஒரு பங்கு, சக்கரத்தின் பொறுப்பு. அக்டோபர் தொடக்கம், பகல் குறுகத் தொடங்கியிருந்தது. சரளையில் டயர் நொறுநொறுக்க, எங்கோ செம்மான்கள் உறுமிக்கொண்டிருந்தன. மாளிகையருகே முதிய பைன் மரங்களினடியில் வண்டிகளைப் பூட்டினோம். 2003-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் பொறுப்போடு ஓட்டுபவருக்கு அதற்கப்பாலும் வழி விடுகிறது. ஆயினும் ஈரக் கரிமண்ணில் டயர் கீறிய வடு எளிதில் ஆறுவதில்லை. கால்நடைப் பாதையைக் காலுக்கே விட்டோம். இறங்கியதும் முதல் நூறு அடி கால்கள் வேறு யாருடையவோ போலிருந்தன.

நான் ஷெப்பர்ட் இந்த மலைத்தொடரைப் பற்றி 1940-களில் எழுதி, 1977-இல்தான் அச்சான ‘தி லிவிங் மவுண்டன்’ நூலில், உச்சியைத் தொடுவதைவிட மலைக்குள் இருப்பதே பெரிது என்கிறார். சுத்த நடைக்காரர்களுக்கு இது சாதகமான சாட்சியம்போலத் தோன்றலாம். எங்களுக்கோ, மிச்சம் பிடித்த அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் எட்சகன் ஏரிக்கரையில் செலவழிக்க முடிந்தது. 927 மீட்டரில், பாறைகளுக்கிடையே கிடக்கும் கறுத்த நீர். நண்பர் முழங்கால் பட்டையைக் கழற்றிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. தவிர, 1859 அக்டோபரில் விக்டோரியா அரசி இம்மலைக்கு மட்டக்குதிரையில் வந்தவர். அவரை யாரும் குறுக்குவழிக்காரர் என்றதாகத் தெரியவில்லை.

ஏரிக்கு மேலே மூடுபனி. 1891-இல் நார்மன் காலி என்னும் பேராசிரியர் இங்கே பின்னால் யாரோ நடந்துவரும் ஓசை கேட்டு அஞ்சி ஓடினார். அதை 1925-இல் ஒரு கூட்டத்தில் சொல்ல, ‘சாம்பல்நிறப் பெருமனிதன்’ என்ற கதை பிறந்தது. எங்களுக்குப் பின்னாலும் ஓசை வந்தது: நண்பரின் இரு ஊன்றுகோல்கள். அது நின்றபோதெல்லாம் நாங்களும் நின்றோம். திரும்பிவிடலாமா என்று ஒருமுறை கேட்டோம். பதிலாக ஊன்றுகோல் ஒலித்தது.

உச்சியில் கற்குவியல், 1925-இல் நிறுவிய திசைகாட்டிப் பலகை. அது பெயர் சொல்லும் மலைகளில் ஒன்றையும் பனி காட்டவில்லை. நண்பர் பலகையைத் தடவித் தடவி எல்லாப் பெயர்களையும் படித்தார்.

இறக்கம் அவரை வதைத்தது. டெரி லாட்ஜை அடைந்தபோது பேச்சற்றிருந்தார். பிறகு இருக்கையில் ஏறி அமர்ந்தார். முழங்காலில் உடற்பாரம் இல்லை, தடம் மெல்லச் சரிந்து செல்கிறது. நாங்கள் விளக்கைப் பொருத்துவதற்குள் அவர் வளைவைத் தாண்டிவிட்டார். லின் ஆஃப் டீயில்தான் மீண்டும் பார்த்தோம்.